குழாயா, போரா, ஆர்.ஓ.வா, கேனா? செட்டிநாட்டு வீட்டுக்குப் புற்றுப் பயமில்லாத தண்ணீர் எது

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் ஆச்சி போன மாதம் கூப்பிட்டு அனுப்பினார். மகளுக்கு மார்பகப் புற்று. மதுரையில் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். பார்க்க வந்த யாரோ, "குழாய்த் தண்ணியில குளோரின் போடுறாங்க, அதுதான் கேன்சர் கொடுக்குது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் குழாய்த் தண்ணீர் பாத்திரம் கழுவ மட்டும்தான், குடிப்பதற்குக் கேன். அந்தக் கேன் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தது மாமியார் காலத்துப் பித்தளைத் தவலையில். எட்டிப் பார்த்தேன். உள்பூச்சு தேய்ந்து, அடிப்பக்கம் மஞ்சளாகத் தெரிந்தது.

"எந்தத் தண்ணி குடிச்சா பயமில்லாம இருக்கலாம், தம்பி?" என்று கேட்டார். காரைக்குடியிலும் கோட்டையூரிலும் தேவகோட்டையிலும் இதே கேள்வியை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி முடிவதில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன், இதே வரிசையில்.

முதலாவது கிருமி. தண்ணீரால் வரும் நோயில் இன்று ராத்திரியே ஆளைப் படுக்க வைப்பது இதுதான். குளோரின் போடுவதால் தண்ணீரில் உண்டாகும் துணைப்பொருள்களால் வரும் அபாயம், கிருமி நீக்காத தண்ணீரால் வரும் அபாயத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கீமோ முடிந்து எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் ஒருவர் இருக்கும் வீட்டில் இது இரண்டு மடங்கு முக்கியம்.

இரண்டாவது, குளோரினின் துணைப்பொருள்கள். தண்ணீரில் இலை, பாசி, மண் இவற்றிலிருந்து கரைந்த கரிமப்பொருள் இருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து டிரைஹாலோமீத்தேன் என்ற குடும்பத்தை உண்டாக்கும். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத் தண்ணீரில் யோஹான்னஸ் ரூக் என்பவர் 1974-இல் இதைக் கண்டு எழுதினார். குளோரோஃபார்ம் இந்தக் குடும்பத்தில் ஒன்று. நெடுங்காலம் இவை கலந்த தண்ணீரைக் குடித்தவர்களிடம் ஆய்வுகள் பெரும்பாலும் சுட்டுவது சிறுநீர்ப்பைப் புற்றைத்தான். மார்பகப் புற்றுக்கு இதைக் காரணமாகச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை. ஆச்சியிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான்.

மூன்றாவது உலோகம். ஆர்சனிக், காட்மியம், ஆறு இணைதிறன் குரோமியம் மூன்றையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில் வைத்திருக்கிறது. குடிதண்ணீர் வழியாகவே தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்று வருவது ஆர்சனிக்கில் நிரூபணமாகியிருக்கிறது. காரீயத்தின் சேர்மங்கள் அதற்கு அடுத்த 2ஏ பிரிவில், அதாவது அநேகமாகப் புற்று உண்டாக்கும் என்ற பிரிவில் இருக்கின்றன. குளோரோஃபார்ம் அதற்கும் கீழே, உண்டாக்கக்கூடும் என்ற 2பி.

நான்காவது செலவு. வாங்கும் விலையைவிட, அப்புறம் வந்துகொண்டே இருக்கும் செலவுதான் நம்மைச் சோர்வடைய வைத்து, பராமரிப்பைக் கைவிட வைக்கிறது.

## கணக்கு எப்படிப் போடுகிறார்கள்

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். தண்ணீரில் இருக்கும் அளவை ஒரு நாளைக்குக் குடிக்கும் லிட்டரால் பெருக்கி, உடல் எடையால் வகுக்க வேண்டும். வருவதை அந்தப் பொருளுக்கென்று நிர்ணயித்த புற்றுக் காரணியால் பெருக்கினால், வாழ்நாள் முழுதும் அதைக் குடிப்பவருக்குக் கூடுதலாக வரும் அபாயம் கிடைக்கும். பத்து லட்சத்தில் ஒருவர் என்றால் பொருட்படுத்த வேண்டியதில்லை. பத்தாயிரத்தில் ஒருவரைத் தாண்டினால் ஏதாவது செய்தாக வேண்டும். பொதுவாகக் கையாளும் அளவுகோல் இது.

60 கிலோ எடையுள்ள ஒருவர் தினம் 2 லிட்டர் குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் புரோமோடைகுளோரோமீத்தேன் இருக்கிறது. இது டிரைஹாலோமீத்தேன் குடும்பத்தில் குளோரோஃபார்மைவிடக் கவலை தருவது. இதன் காரணி 0.062, மைக்ரோகிராமை மில்லிகிராமாக மாற்றிய பிறகு பெருக்க வேண்டும். கணக்குப் போட்டால் லட்சம் பேரில் 2 பேர். அதே 10 மைக்ரோகிராம் ஆர்சனிக்காக இருந்தால்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய காரணி 1.5. லட்சம் பேரில் 50 பேர் என்று வரும். அதே முகமை 2025 ஜனவரியில் அந்தக் காரணியை ஏறத்தாழ 20 மடங்கு உயர்த்திவிட்டது. இந்தியத் தர நிர்ணயம் ஆர்சனிக்குக்கு ஏற்கத்தக்க அளவாக வைத்திருப்பதும் இதே 10 மைக்ரோகிராம்தான். நம் ஊர் வெயிலுக்கு 3 லிட்டர் குடித்தால் இரண்டு எண்ணும் ஒன்றரை மடங்காகும்.

இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு புற்று வர வாய்ப்புண்டு என்பது தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் மதிப்பீடு. லட்சத்தில் பதினோராயிரம் பேர். அதன்மேல் குளோரினின் பங்கு எவ்வளவு, ஆர்சனிக்கின் பங்கு எவ்வளவு என்று வைத்துப் பாருங்கள். அதே வீட்டில் தாத்தா வெற்றிலையோடு புகையிலை போட்டுக்கொண்டிருந்தால், தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தப் புகையிலையைத்தான் நிறுத்த வேண்டும்.

## குழாய்த் தண்ணீர்

நம் பக்கம் குழாயில் வருவது ஒரே தண்ணீர் இல்லை. சில ஊர்களுக்குத் திருச்சி முத்தரசநல்லூர் பக்கம் காவிரி மணலுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்து கூட்டுக் குடிநீர் வருகிறது. காரைக்குடிக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் சம்பை ஊற்றுத் தண்ணீர் நிலத்தடியிலிருந்து வருவது. இரண்டுமே மண்ணும் மணலும் வடிகட்டிய தண்ணீர். கரிமப்பொருள் குறைவாக இருக்கும் தண்ணீரில் குளோரின் போட்டால் துணைப்பொருளும் குறைவாகத்தான் உண்டாகும்.

மூக்கில் ஏறும் பிளீச்சிங் பவுடர் வாடை குளோரினின் வாடை, டிரைஹாலோமீத்தேனின் வாடை அல்ல. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது தரவிதி. லேசாக வாடை வந்தால், தெருக்கோடி வரைக்கும் கிருமி நீக்கம் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

துணைப்பொருள் அதிகமாக உண்டாகும் இடம் பெரும்பாலும் நம் வீட்டுத் தொட்டிதான். மூடி உடைந்து, வேப்பிலை விழுந்து, அடியில் சேறு படிந்த தொட்டியில் "கிருமி போகட்டும்" என்று ஒரு கை பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போடுகிறோம். ஊருணித் தண்ணீரிலும் இதுதான் நடக்கும். முதலில் தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள், அப்புறம் மருந்து போடுங்கள்.

மிச்சமிருக்கும் டிரைஹாலோமீத்தேனை விரட்ட வழி சுலபம். அது ஆவியாகிப் போகிற பொருள். மூடியைத் திறந்து வைத்து, தளதளவென்று ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் பெரும்பகுதி போய்விடும். அடுப்படி ஜன்னல் திறந்திருக்கட்டும். அந்த ஆவி மூச்சு வழியாகவும் உள்ளே போகும் என்பதால் அடைத்த குளியலறையில் கீசர் தண்ணீரில் நெடுநேரம் குளிப்பவர்களுக்கும் இதே யோசனைதான். மறைமுகச் செலவு எரிவாயு: தினம் 10 லிட்டர் காய்ச்சினால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று இதற்கு மட்டுமே சுமார் நூறு நாளில் தீரும்.

காய்ச்சுவதற்குப் பதில் கார்பன் ஃபில்டர் வைக்கலாம். ஒரு எச்சரிக்கை உண்டு. கார்பன் டிரைஹாலோமீத்தேனைப் பிடிக்கும் சக்தியை முதலில் இழக்கும், குளோரின் வாடையை நீக்கும் சக்தியை அப்புறம்தான் இழக்கும். "இன்னும் வாடை வரலையே" என்று பழைய காட்ரிட்ஜை ஓட்டுவது பிரயோஜனமில்லை. குளோரின் நீங்கிய கார்பனில் கிருமியும் வளரும். குறித்த காலத்தில் மாற்ற முடியாதவர்கள் காய்ச்சியே குடிக்கலாம்.

## வீட்டுக் கிணறும் ஆழ்துளைப் போரும்

"குளோரினே இல்லாத இயற்கைத் தண்ணி" என்று போர்த் தண்ணீருக்கு மாறுகிறவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறார்கள். நிலத்துக்குள் எந்தப் பாறையைத் தொட்டு வருகிறதோ அந்தப் பாறையின் குணம் தண்ணீரில் இருக்கும். நம் பக்கத்துச் செம்பாறாங்கல்லில் இரும்பு உண்டு. துணி செம்பழுப்பாவதும் வாளியில் கறை படிவதும் அதனால்தான். இரும்பு புற்று தராது, சுவைதான் கெடும். கருங்கல் பாறைப் பகுதிகளில் ஃப்ளோரைடு கூடலாம், யுரேனியமும் வரலாம். யுரேனியத்துக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்ற வரம்பு இந்தியத் தரவிதியில் பின்னாளில்தான் சேர்க்கப்பட்டது.

ஆர்சனிக் பெரிய அளவில் இருப்பது கங்கைச் சமவெளியிலும் வங்கத்திலும்தான். குரோமியம் என்றால் தமிழ்நாட்டில் ராணிப்பேட்டைப் பக்கம் தொழிற்கழிவால் வந்த சேதம் ஊரறிந்தது. இந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டுவிட்டு நம் போரிலும் அதே இருக்கும் என்று பதற வேண்டியதில்லை. அதற்காகப் பார்க்காமலும் விடக் கூடாது. ஒரே ஒரு முறை முழுப் பரிசோதனை செய்துவிட்டால் மனம் நிம்மதியாகிவிடும்.

நம் வீடுகளில் நடைமுறைச் சிக்கல் வேறு ஒன்று. பின்கட்டில் கழிப்பறைக் குழி, அதற்குச் சில அடி தள்ளிப் போர். அதனால் கிருமியும் நைட்ரேட்டும் வரும். நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரம்பு. உடலுக்குள் அது நைட்ரோசோ சேர்மங்களாக மாறும் சூழ்நிலையில் புற்றுக்கு வாய்ப்பு உண்டு என்பதால் 2ஏ பிரிவில் இருக்கிறது. காய்ச்சினால் நைட்ரேட்டும் உலோகமும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டக் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

பரிசோதனை சரியாக வந்த போர் நல்ல தண்ணீர்தான். மற்ற நான்கு வழிகளைவிடச் செலவும் குறைவு.

## ஆர்.ஓ.

உலோகம், ஃப்ளோரைடு, நைட்ரேட் மூன்றையும் ஒரே அடியில் குறைக்க வீட்டில் இருக்கும் ஒரே கருவி இதுதான். பரிசோதனையில் இவற்றில் ஏதாவது வரம்பைத் தாண்டியிருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். ஆர்.ஓ.வுக்குள் தண்ணீரை வடிக்கும் சவ்வைக் குளோரோஃபார்ம் ஓரளவு தாண்டிப் போகும். அதைப் பிடிப்பது முன்னால் இருக்கும் கார்பன் காட்ரிட்ஜ். ஆகவே சர்வீஸைத் தள்ளிப்போட்டால் எதற்காக வாங்கினீர்களோ அது கிடைக்காது.

தண்ணீரே நன்றாக இருந்தால் ஆர்.ஓ. வீண். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் அரசுக்குச் சொன்னது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். மழையை நம்பிக் கண்மாயும் ஊருணியும் வெட்டி வைத்த சீமையில் அதைச் சாக்கடையில் விட எனக்கு மனசு வரவில்லை. ஒரு வாளியில் பிடித்துப் பாத்திரம் துலக்கலாம், முற்றம் கழுவலாம்.

விற்க வருகிறவர் கையில் ஒரு டி.டி.எஸ். பேனா இருக்கும். அது மொத்த உப்பைத்தான் காட்டும். ஆர்சனிக்கோ காரீயமோ மைக்ரோகிராம் கணக்கில் இருப்பது அந்தப் பேனாவுக்குத் தெரியாது. 150 காட்டும் தண்ணீரில் காரீயம் இருக்கலாம், 900 காட்டும் தண்ணீரில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம்.

## கேன்

20 லிட்டர் கேன் எங்கள் தெருவில் 35 ரூபாய். இரண்டு நாளைக்கு ஒன்று என்றால் மாதம் 500 ரூபாயைத் தாண்டும். உள்ளே இருப்பதும் யாரோ ஒருவருடைய போர்த் தண்ணீரை ஆர்.ஓ. போட்டதுதான். ஓசோன் செலுத்துகிற ஆலையில் மூலத் தண்ணீரில் புரோமைடு இருந்தால் புரோமேட் உண்டாகும், அதுவும் 2பி பிரிவு. குளோரினுக்குப் பயந்து கேனுக்குப் போகிறவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை. குளோரின் மிச்சம் இல்லாத தண்ணீர் என்பதால், திறந்த கேன் நான்கு நாள் இருந்தால் கிருமிக்குக் காவல் கிடையாது. முத்திரை, உரிம எண், நிரப்பிய தேதி மூன்றும் பார்த்து, வெயிலில் நிற்காத கேனாக வாங்குங்கள். கல்யாணம், பயணம், குழாய் உடைந்த நாள் என்று அவசரத்துக்குக் கேன் சரி. நித்தியத்துக்கு என் வீட்டில் கிடையாது.

## மழைநீர்

வானம் பார்த்த முற்றத்தில் நான்கு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் இறங்க, அண்டாவை வைத்துப் பிடித்த வீடுகள் நம்முடையவை. 2003-இல் தமிழ்நாடு முழுதும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாவதற்கு வெகுகாலம் முன்பே அந்த வழக்கம் இருந்தது. முதல் மழையை விட்டுவிட்டு, ஓடு கழுவிய பிறகு வெள்ளைத் துணியில் வடித்துப் பிடித்தால் உப்பில்லை, ஃப்ளோரைடு இல்லை, குளோரின் இல்லை. பறவை எச்சம் இருக்கும் என்பதால் காய்ச்சியே குடிக்க வேண்டும். பழைய பெயின்ட் அடித்த தகரக் கூரைத் தண்ணீர் குடிக்க வேண்டாம். மீதி விஷயம் எல்லாம் எதில் சேர்த்து வைக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

## தவலை, குழாய்முனை, ஈயப்பூச்சு

ஆச்சி வீட்டில் நான் நின்ற இடம் இதுதான். ஆர்.ஓ. தண்ணீரும் மழைத் தண்ணீரும் உப்பில்லாத 'பசித்த' தண்ணீர். சற்றே புளிப்புத் தன்மையும் இருக்கும். தொட்டதைக் கரைக்கும். உப்புள்ள கடினத் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிந்து ஒரு காப்பு உண்டாக்கும், இதற்கு அந்தக் காப்பும் இல்லை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். கடைசலுக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதில் கொஞ்சம் காரீயமும் சேர்ப்பது உண்டு. பூச்சு தேய்ந்த பித்தளையில் கேன் தண்ணீரை ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தால், குளோரினுக்குத் தப்பி உலோகத்திடம் போய் நிற்கிறோம்.

பூச்சு என்று நாம் சொல்வதிலும் ஒரு குழப்பம். ஈயம் என்ற ஒரே சொல் வெள்ளீயத்துக்கும் காரீயத்துக்கும் ஓடுகிறது. பாத்திரத்துக்குப் பூச வேண்டியது வெள்ளீயம். சின்ன வயதில் எங்கள் வாசல் வேப்பமரத்தடியில் ஈயம் பூசுகிறவர் குழி தோண்டித் துருத்தி போட்டு உட்காருவார். தவலை சூடானதும் நவச்சாரத்தைத் தூவுவார், வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பும். ஈயக் கம்பியை உள்ளே ஒரு இழுப்பு இழுத்துப் பஞ்சால் சுழற்றித் தேய்த்தால், மஞ்சள் பித்தளை கண்ணெதிரே வெள்ளியாகும். அப்பத்தா அவ்வளவு சுலபத்தில் விடமாட்டார். கம்பியை வாங்கிக் காதருகே வைத்து வளைப்பார். சுத்த வெள்ளீயம் வளைக்கும்போது கறகறவென்று சத்தம் போடும், காரீயம் பேசாமல் மடங்கும். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளில் கோடு இழுப்பார், காரீயம் பென்சில் போலச் சாம்பல் கோடு விடும். இரண்டும் சரியாக இருந்தால்தான் தவலையைக் கொடுப்பார். விலை குறையட்டும் என்று காரீயம் கலப்பது அன்றும் இருந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய தவலை, அலங்காரமாக வரவேற்பறையில் இருக்கட்டும். குடிதண்ணீருக்கு வேண்டாம்.

முற்றத்துப் பழைய பித்தளைக் குழாயும் அப்படித்தான். ராத்திரி முழுக்க அதற்குள் நின்ற தண்ணீரில் உலோகம் கூடும். எங்கள் வீட்டில் விடிகாலை முதல் தண்ணீரை ஒரு பாட்டிலிலும், மூன்று நிமிடம் ஓடவிட்ட தண்ணீரை இன்னொரு பாட்டிலிலும் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். முதலாவதில் காரீயம் 10 மைக்ரோகிராம் வரம்பைத் தாண்டியிருந்தது, இரண்டாவதில் இல்லை. அன்றே குழாய்முனையை மாற்றினோம். பி.வி.சி. குழாயிலும் காரீயச் சேர்மம் கலந்து வந்த காலம் உண்டு. அதை நிறுத்துவதற்கான விதிகள் 2021-இல்தான் வந்தன. புதுக் குழாய் போடும்போது காரீயம் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் காரீயத்தைப் புற்றுக்காக மட்டும் பார்க்கக் கூடாது. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

சுத்தச் செம்பில் சாதாரணத் தண்ணீர் வைக்கலாம். செம்பு புற்று தருவதில்லை, வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எலுமிச்சைச் சாறு, மோர், ஆர்.ஓ. தண்ணீர் அதில் வேண்டாம். எவர்சில்வர் குடமும் மண் பானையும் எல்லாத் தண்ணீருக்கும் ஏற்றவை.

## ஒரே பார்வையில்

| வழி | கிருமி | குளோரின் துணைப்பொருள் | உலோகம், நைட்ரேட் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| குழாய், காய்ச்சியது | நீங்கும் | பெரும்பகுதி நீங்கும் | நீங்காது | எரிவாயு, தொட்டிக் கழுவல் |
| குழாய், கார்பன் | தானாக நீங்காது | நீங்கும், காட்ரிட்ஜ் புதிதானால் | பெரும்பாலும் நீங்காது | காட்ரிட்ஜ் |
| போர் | சந்தேகம் | இல்லை | பரிசோதித்தால்தான் தெரியும் | பரிசோதனைக் கட்டணம் |
| ஆர்.ஓ. | நீங்கும், பராமரித்தால் | கார்பன் நல்லதானால் நீங்கும் | நன்றாகக் குறையும் | சர்வீஸ், வீணாகும் தண்ணீர் |
| கேன் | ஆலையைப் பொறுத்தது | குறைவு, புரோமேட் வரலாம் | குறைவு | மாதச் செலவு, நம்பிக்கை |
| மழைநீர் | காய்ச்ச வேண்டும் | இல்லை | கூரையும் பாத்திரமும் தீர்மானிக்கும் | தொட்டி, பாதி ஆண்டுதான் கிடைக்கும் |

## யாருக்கு எது

காவிரித் தண்ணீரோ ஊற்றுத் தண்ணீரோ குழாயில் வரும் வீடு என்றால் அதையே பிடியுங்கள், திறந்து காய்ச்சுங்கள், எவர்சில்வரில் வையுங்கள். ஆர்.ஓ. வேண்டாம். போரை மட்டும் நம்பி ஊருக்கு வெளியே வீடு கட்டியவர்கள் பரிசோதனைக்குப் பிறகுதான் எதையும் வாங்க வேண்டும். உப்பு கூடிய போர்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். அதில் புரோமைடும் இருந்தால் உண்டாவது புரோமின் கலந்த டிரைஹாலோமீத்தேன், கவலைப்பட வேண்டிய வகை. ஊரில் பெரிய வீடு, ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் வருகிறீர்கள் என்றால், மாதக்கணக்கில் குழாய்க்குள் நின்ற தண்ணீரைத் திறந்துவிட்டு, தொட்டியைக் கழுவிவிட்டுத்தான் அடுப்பு பற்ற வைக்க வேண்டும். அந்த இரண்டு நாளைக்குக் கேன் நல்லது.

பரிசோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டித் தண்ணீரைக் கொடுக்கலாம். வழக்கமான பட்டியலில் உப்பு, கடினத்தன்மை, ஃப்ளோரைடு, நைட்ரேட், இரும்பு இவைதான் இருக்கும். காரீயம், ஆர்சனிக், காட்மியம், குரோமியம் நான்கையும் தனியாகக் கேட்க வேண்டும். அங்கே இல்லை என்றால் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்துக்குப் போக வேண்டியிருக்கும். உலோகத்துக்கு எந்தப் பாட்டிலில் எப்படிப் பிடிப்பது என்று முதலில் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள், பழைய குளிர்பானப் பாட்டிலில் பிடித்துக் கொடுக்க வேண்டாம்.

ஆச்சி வீட்டில் அன்றைக்கே தவலையைக் கவிழ்த்துப் பரணில் ஏற்றிவிட்டோம். இப்போது காலையில் குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடுத்து வரும் தண்ணீரை எவர்சில்வர் அண்டாவில் பிடித்து, மூடாமல் கொதிக்க வைக்கிறார். மகள் ஆறிய வெந்நீரை மண் பானையிலிருந்து மொண்டு குடிக்கிறார். போர்த் தண்ணீருக்கு இரண்டு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை சிவகங்கைக்குக் கொண்டுபோக வேண்டும்.